ஊகத்தை மறைக்காத மருத்துவர்



வண்டன்மேட்டு ஏலத்தோட்ட லயத்தில் பிறந்தவன் நான். எங்கள் மலையில் காய்ச்சல் பரவும் விதத்தை அறியக் கணிப்பொறியில் கற்பனை நோயாளிகளைப் படைத்தபோது ஒரு கேள்வி வழிமறித்தது. நோயுற்றவர் இத்தனை பேர் என்று வைத்துக்கொண்டாலும், எத்தனை பேருக்கு நடுவே? விடியலில் கம்பம்மெட்டு வழியே ஜீப்பில் ஏறிவந்து, மாலையில் இறங்கிவிடும் கூலியாட்கள் ஊர்க்கணக்கில் இல்லை. என் சித்தியும் அவர்களில் ஒருத்தி. ரேஷன் அட்டைத் தொகையையே மெய்யென்று வைத்துக் கணக்கிட்டிருந்தேன். அத்தவற்றை உணர்த்தியது மெக்கென்ட்ரிக்கின் வாழ்க்கை.

ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக் 1876-இல் எடின்பரோவில் பிறந்தார். கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901-இல் ரொனால்ட் ராஸுடன் சியரா லியோன் சென்றார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897-இல் செகந்தராபாத்தில் கண்ட அதே ராஸ்தான், இளம் மருத்துவரின் உள்ளத்தில் கணித ஆர்வத்தை ஊன்றினார். பின்னர் கசௌலியின் பாஸ்டர் நிலையத்தில், வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தரும் இடத்தில், பல்லாண்டு உழைத்தார். 1920-இல் தாயகம் திரும்பி, எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கினார்.

1926-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தியச் சிற்றூர் ஒன்றின் காலராக் கணக்கை எடுத்துக்கொண்டார். வீடுகள் 223. அவற்றுள் 168-இல் நோயே இல்லை. 32-இல் ஒருவர், 16-இல் இருவர், 6-இல் மூவர், ஒரு வீட்டில் நால்வர் நோயுற்றனர். நோயற்ற வீடெல்லாம் ஆபத்துக்கு உட்பட்டுத் தப்பியவைதாமா? இவர் ஐயுற்றார். ஆபத்துக்கு உட்பட்ட வீடுகளை நோய் தற்செயலாகவே தாக்கும் என ஊகித்து, நோய் கண்ட 55 வீடுகளின் பாங்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். ஆபத்துக்கு உட்பட்டவை ஏறத்தாழ 93 வீடுகளே என்று விடை வந்தது. எஞ்சிய 130 வீட்டாரும் வேறு கிணற்று நீரைப் பருகியிருக்கலாம் அன்றோ! அறியாத தொகையை அறிந்ததுபோல் நடிக்காமல், ஊகத்தை வெளிப்படையாக வைத்து, அதன் விடையை மெய்க்கணக்கோடு ஒப்பிட்டதே அவர் பெருமை.

1927-இல், கண்பார்வை இழந்த கெர்மாக்குடன் சேர்ந்து அவர் எழுதிய கொள்ளைநோய்ச் சமன்பாடுகளின் வழிவந்தவையே கொரோனாக் காலத்திலும் பயன்பட்டன. 1943-இல் மறைந்தார்.

அந்தச் சிற்றூரில் ஆபத்தில்லாதவர் கணக்கில் இருந்தனர். எங்கள் மேட்டில் ஆபத்துள்ளவர் கணக்கில் இல்லை. இப்போது நான் ஒரே தொகையை நம்புவதில்லை. ஜீப்பில் வருவோரைக் குறைத்தும் கூட்டியும் பலமுறை கணக்கிட்டு, ஒவ்வொரு ஊகத்தையும் அதன் விடையோடு எழுதிவைக்கிறேன். மருந்து எத்தனை பேருக்கு வேண்டும் என்று ஒருநாள் எவரேனும் கேட்டால், சித்தி அக்கணக்கில் இருக்க வேண்டும் அல்லவா?