கொதிநீரிலும் சாகாத உயிர்

‘டிண்டால் விளைவு’ என்ற பெயர் அறிவியல் மாணவர் எவருக்கும் புதிதன்று. ஆனால் அந்த டிண்டால் நுண்ணுயிரிகளோடு போராடியவர் என்பதை அறிந்தவர் சிலரே. நானும் சென்ற ஆண்டு வரை அறியேன். ஒரு சிறு தோல்விதான் என்னை அவரிடம் அழைத்துச் சென்றது.

செய்முறை வகுப்பில், வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்துப் பஞ்சால் அடைத்து வைத்தேன். தெளிந்திருக்க வேண்டிய குழாய் மூன்றாம் நாள் கலங்கிக் கிடந்தது. பதிவேட்டில் வளர்ச்சி இல்லை என்றே எழுதிவிடலாமா என மனம் ஊசலாடியது. அன்று மாலை நூலகத்தில் ஜான் டிண்டாலின் வரலாற்றைப் படித்தேன்.

அயர்லாந்தில் 1820-இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். நில அளவைப் பணியிலும் பின்னர் ஆசிரியப் பணியிலும் இருந்து பொருள் சேர்த்து, 28-ஆம் வயதில் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1853-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராகி, ஃபாரடேயுடன் பணியாற்றினார். நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தை உறிஞ்சுவதை 1859 முதல் அளந்து காட்டினார்.

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றும் என்று பாஸ்டியன் என்ற மருத்துவர் வாதிட்ட காலம் அது. டிண்டால் ஒரு பெட்டியின் உட்புறத்தில் கிளிசரினைப் பூசினார். காற்றிலிருந்த தூசு படிந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே செலுத்திய ஒளிக்கற்றை கண்ணுக்குப் புலப்படாதபோது காற்று தூய்மையாயிற்று என்று அறிந்தார். அதனுள் ஐந்து நிமிடம் கொதித்த ஊறல்நீர் கெடவே இல்லை. வெற்றி அவர் பக்கம் என்றே தோன்றியது.

1876-இல் ஆய்வகத்துக்குப் பழைய வைக்கோல் வந்தது. அதன்பின் எல்லாம் தலைகீழாயிற்று! முன்பு தெளிந்திருந்த ஊறல்நீர் வகைகளும் கலங்கின. சில குழாய்கள் மணிக்கணக்கில் கொதித்த பின்னும் கெட்டன. எதிரியின் கைக்கு வாள் கொடுத்தது போன்ற நிலை. ஆயினும் டிண்டால் எதையும் மறைக்கவில்லை. ஆய்வகக் காற்றே மாசுற்றதென ஐயுற்று, கியூ தோட்டத்தின் ஆய்வகத்துக்குச் சென்று சோதனைகளைத் தொடர்ந்தார். தோல்விகளையும் விடாமல் வெளியிட்டார்.

விடை அந்தத் தோல்விக்குள்ளேயே இருந்தது. உலர்ந்த வைக்கோலில் உறங்கும் வித்துகளே கொதிநீரைத் தாங்கின. ஃபெர்டினாண்ட் கோன் என்ற ஜெர்மானிய அறிஞரும் அதே 1876-இல் அவ்வித்துகளைக் கண்டு எழுதினார். நீர் மிகக் குறைந்த உட்கருவும், கால்சியம் சேர்ந்த டைபிகோலினிக் அமிலமும், தடித்த உறைகளும் அவற்றைக் காக்கின்றன என்பதை இன்று அறிவோம்.

உறங்கும் வித்தைக் கொல்ல முடியாது; விழித்து முளைத்தால் கொல்லலாம். எனவே டிண்டால் சிறிது நேரம் சூடாக்கி, வித்துகள் முளைக்க இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் சூடாக்கினார். மணிக்கணக்கான கொதி செய்யாததை, இடைவிட்ட சில நிமிடக் கொதி செய்தது! 1877-இல் வெளிவந்த இம்முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. 121 டிகிரி வெப்பத்தில் இயங்கும் ஆட்டோகிளேவ் வந்த பிறகும், அவ்வெப்பம் தாங்காத ஊடகங்களுக்கு இது கைகொடுக்கிறது.

1893-இல், அன்பு மனைவி மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டதால் டிண்டால் காலமானார். பிழைகளை ஆராய்ந்தே உண்மை கண்டவரின் வாழ்வு ஒரு பிழையால் முடிந்தது.

மறுநாள் என் பதிவேட்டில், குழாய் கலங்கியது என்றே எழுதினேன். மதிப்பெண் சிறிது குறைந்தது, வருத்தமில்லை. கலங்கிய குழாயைக் கண்டால், நண்பர்களே, கொட்டிவிடாதீர்கள். அதில் ஓர் உண்மை உறங்கிக்கொண்டிருக்கலாம்.