தறி முதலாளி போட்ட மதியச் சோறு

மாரண்டஹள்ளியில் மத்தியான மணி அடித்ததும் அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள். படிக்கும் இடத்திலேயே சோறும் போடவேண்டும் என்று நம் நாட்டில் முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர், சென்னையைச் சேர்ந்த ஒரு தறி முதலாளி.

அவர்தான் சர் பிட்டி தியாகராயர்.

1852-ம் ஆண்டு நெசவாளர் குலத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. 1876-ல் பிரசிடென்சி காலேஜில் பி.ஏ. தேறினார். அந்தக் காலத்தில் பி.ஏ. தேறியவர் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவார். தியாகராயரோ குடும்பத் தொழிலிலேயே இறங்கினார். வடசென்னையில் அவருடைய நெசவாலையில் சுமார் 100 தறிகள் ஓடின. கட்டம் போட்ட சென்னைக் கைக்குட்டைகள் கப்பலேறிப் போயின. பணம் சேர்ந்தது.

1882-ல் நகரசபை அங்கத்தினர் ஆனார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அங்கே இருந்தார். டாக்டர் டி.எம். நாயரும் அவரும் நகரசபையில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். டாக்டர் நடேச முதலியார் இருவரையும் சேர்த்துவைத்தார். 1916-ல் நீதிக்கட்சி பிறந்தது.

ஒரு அணாச் சாப்பாடு

1920-ல் தியாகராயர் நகரசபைத் தலைவராக இருந்தார். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதைக் கண்டார். ஆயிரம்விளக்குப் பகுதியில் இருந்த நகரசபைப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட அந்த செப்டம்பரில் தீர்மானம் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அதற்குள் வயிறு நிறைந்தது!

பதவி வேண்டாம்

அதே ஆண்டு முடிவில் சட்டசபைத் தேர்தல். நீதிக்கட்சி ஜெயித்தது. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் வில்லிங்டன் தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். கைக்கு வந்த பதவியை இப்படி விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமா?

எப்போதும் வெள்ளை உடைதான் உடுத்துவார். அதனால் வெள்ளுடை வேந்தர் என்று பெயர் வந்தது.

1925-ல் தியாகராயர் காலமானார். கல்விப் பணத்தைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று சர்க்கார் தடுத்ததும் அதே ஆண்டில்தான். சோறு நின்றுபோயிற்று. பிறகு சென்னையில் மறுபடி தொடங்கினாலும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை.

தீபாவளிக்குப் புடவை எடுக்க இன்று ஜனங்கள் முண்டியடிக்கும் தி.நகர் அவர் பெயரைத் தாங்கிய தியாகராய நகர்தான். ஜவுளிக்காரர் பெயரில் ஜவுளிக் கடைவீதி!

1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு கிராமங்களுக்குப் புறப்பட்டது. மாரண்டஹள்ளி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது.