தேசபக்தன் நடேசய்யர்: வந்த நாட்டைச் சொந்த நாடாக்கியவர்

பிறந்த நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடியேறுதல் மனிதர்க்குப் புதிதன்று. கல்வி, வாணிகம், உத்தியோகம், வறுமை என்பவற்றுள் ஒன்று அவரை ஈர்க்கும், அன்றேல் உந்தும். சென்ற இடத்து உணவும் உடையும் சில மாதங்களிற் பழகிவிடும். வீடு அமைத்தலும் பொருளுடையார்க்கு எளிதே. அந்நாட்டு மக்கள் தம்முள் ஒருவராக மதிக்கும் நிலையை எய்துதல் மாத்திரம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தமிழகத்துக் கிராமங்களினின்று வந்து, ஊவா மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கியவரின் வழிவந்தோர் நம்முட் பலர். ஆதலால், வந்தவர் சொந்தக்காரராவது எவ்வாறு என்னும் வினா நமக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையால் விடை கூறிய ஒருவரின் சரிதத்தை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவரே கோ. நடேசய்யர்.

நடேசய்யர் தஞ்சையில் அந்தணர் குடும்பத்திற் பிறந்தவர். வணிகக் கல்வி கற்பித்தும், வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை நடத்தியும் தம்மூரில் மதிப்புற வாழ்ந்தவர். 1915ஆம் ஆண்டில் வணிகத் தொடர்பாக அவர் கொழும்புக்கு வந்தார். வந்த காரியம் முடிந்தபின் ஊர் திரும்பியிருக்கலாம். ஆயினும், மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் தம் நாட்டு மக்களைக் கண்டு செல்ல வேண்டுமென்னும் அவா அவருள்ளத்தில் எழுந்தது.

அக்காலத்தில் தோட்டம் என்பது தனியொரு இராச்சியமாக விளங்கிற்று. துரையின் உத்தரவின்றி வெளியார் எல்லைக்குட் கால்வைத்தல் குற்றமாகக் கருதப்பட்டது. விடியற்காலைப் பிரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை தொழிலாளரின் பொழுது தோட்டத்துக்கே உரியதாயிருந்தது. அவர்களுடைய கடனோ பெரியகங்காணியின் கணக்கில் வளர்ந்துகொண்டேயிருந்தது. கடன்தொகை எழுதப்பட்ட துண்டுடன் ஒரு குடும்பம் ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்துக்கு மாறும். கடனும் உடன் செல்லும். நேர்வழியில் உட்செல்ல இயலாத நடேசய்யர், புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் புகுந்தார். லயத்து ஒற்றைக் காம்பராக்களின் வாயிலில் மூட்டையை இறக்கி, விலை பேசுவார்போல் அங்குள்ளோரின் வாழ்வைக் கேட்டறிந்தார். இலங்கைத் தமிழர் வரலாற்றில் இந்தப் புடவை மூட்டைக்குத் தனியிடம் உண்டு என்பது நம் துணிபு.

கண்டதை மறந்து ஊரில் இருக்க அவரால் இயலவில்லை. 1920ஆம் ஆண்டளவில் இலங்கையிலேயே தங்குவதற்கு வந்தார். வைத்தியர் ஈ. வி. இரத்தினம் முதலியோருடன் சேர்ந்து தேசநேசன் பத்திரிகையில் எழுதினார். பின்னர் 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார். அப்பத்திரிகையின் பெயரே அவருடைய பெயருக்கு அடைமொழியாயிற்று. 1925இல் சட்டநிரூபண சபையின் இந்தியப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் யூனியனில் உபதலைவராகவிருந்து, கொழும்பு நகரத் தொழிலாளரின் போராட்டங்களிலும் தோள்கொடுத்தார்.

புதிய நாட்டிற் புகுந்தவர்க்கு வரும் சோதனை இங்கேயே அவருக்கு வந்தது. வேலையின்மை பெருகியபோது, இந்தியத் தொழிலாளரே அதற்குக் காரணர் என்னும் பேச்சு கொழும்பில் எழுந்தது. நேற்றுவரை ஒரே மேடையில் நின்ற தோழர்களே அப்பேச்சுக்கு இடந்தந்தனர். 1920களின் இறுதியில் நடேசய்யர் அவ்வியக்கத்தினின்று விலகினார். நட்பும் செல்வாக்கும் நிறைந்த நகர வாழ்வை விடுத்து, அவர் தம் பணிக்களனை மலைநாட்டுக்கு மாற்றினார். கொழும்பில் அவர் பெற்றிருந்த இடம் பெரிது. மலைநாட்டில் அவரை எதிர்நோக்கியிருந்த இன்னல் அதனினும் பெரிது.

தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கும் சட்டம் 1927இல் நிறைவேறியது. அதன்படி 1929 முதல் உயர்மலைப் பகுதியில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்டிர்க்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. இத்தொகையேனும் தொழிலாளர் கையைச் சேரவேண்டுமெனச் சபையிலும் பத்திரிகையிலும் வாதிட்டவர் நடேசய்யர். உலக வர்த்தக மந்தத்தின்போது அக்கூலியும் குறைக்கப்பட்டது. அத்தகைய காலத்திலேயே, 1931இல், அட்டனை நிலைக்களனாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். தோட்டத் தொழிலாளர்க்கென எழுந்த முதற் பெருந் தொழிற்சங்கம் அதுவே.

அதே 1931ஆம் ஆண்டில் நமது ஊவாவிலும் ஒரு கட்டடம் எழுந்து நின்றது. இங்கிலாந்தினின்று வந்து வாணிகத்தில் உயர்ந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், அப்புத்தளையில் கருங்கல் மாளிகையொன்றைக் கட்டுவித்தார். தாம் பிறந்த கெண்ட் மாநிலத்துச் சிற்றூரின் பெயரையே அதற்குச் சூட்டி, அதீசம் என அழைத்தார். அது இன்று துறவியர் மடமாக விளங்குகின்றது. பிறந்த மண்ணை மறவாமை குற்றமன்று. அம்மாளிகையின் அழகையும் நாம் குறைகூறோம். ஆயினும் ஒப்புநோக்குதல் பொருந்தும். ஒருவர் தம் ஊரின் சாயலை மலையுச்சியில் நிறுவி அதனுள் வாழ்ந்தார். மற்றவர் தம் ஊரையும் குலத்தின் உயர்வையும் ஒருபுறம் வைத்து, லயத்து மக்களின் வழக்கை எடுத்துரைத்தார்.

இப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் மனைவியார் மீனாட்சியம்மாள். எழுத்தறியாதவர்க்குப் பத்திரிகையால் என்ன பயன் என்னும் குறையை அவ்வம்மையாரின் குரல் தீர்த்தது. பாரதியார் பாடல்களையும், மக்களுக்குப் பழகிய மெட்டுக்களில் தாம் இயற்றிய பாடல்களையும் கூட்டங்களில் அவர் பாடுவார். பெண்கள் மேடையேறுதல் அரிதாயிருந்த காலம் அது. பாட்டைக் கேட்கவந்த கூட்டம் சங்கத்தின் பேச்சையும் கேட்டுச் சென்றது. நடேசய்யரும் 1937இல் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்னும் நாடகத்தை வெளியிட்டார். சென்ற இடத்து மக்களின் பாட்டும் கூத்தும் தம்முடையனவாகிய பின்னரே, ஒருவர் அவ்விடத்துக்கு உரியவராகின்றார் என்பதற்கு இத்தம்பதியர் சான்றாவர்.

1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். பதினோர் ஆண்டுகள் அச்சபையில் அவர் குரல் ஒலித்தது. எனினும் அவர் வாழ்வை வெற்றிகளின் கோவையாக மட்டும் வரைதல் உண்மைக்கு மாறாகும். 1939இல் ஜவகர்லால் நேரு இங்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அவ்வியக்கம் விரைந்து வளர, நடேசய்யரின் சம்மேளனம் வலிகுன்றியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அவற்றுள் பதுளையும் அலுத்நுவரவும் நம் பக்கத்தன. நடேசய்யரோ தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் காலமானார். உழுதவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் எனினும், விளைந்தது அதே நிலமன்றோ!

அவர் மறைந்து ஓராண்டு நிரம்பிய சில நாட்களில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். அடுத்து வாக்குரிமையும் அவரைவிட்டு நீங்கிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்காலத்துக்கு விடப்பட்டது. பாட்டனைக் கொண்டுவந்த கடல்வழியே பேரனும் அனுப்பப்பட்டான். அவனுக்கோ இந்தியா கதையிற் கேட்ட நாடு. அங்கே அவன் சிலோன்காரன் எனப்பட்டான். இங்கு எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை இவ்வழக்கு நீண்டது.

குடியுரிமைப் பத்திரத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதைக் கொஸ்லந்தை வாழ் நாம் நன்கறிவோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து, லயங்களும் அவற்றில் வாழ்ந்தோரும் மண்ணுட் புதைந்தமை நம் கண்முன் நிகழ்ந்தது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணிற் பாடுபட்டோர்க்குப் பாதுகாப்பான நிலமும் சொந்த வீடும் வேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் எழுந்தவண்ணமே உள்ளது. நடேசய்யர் தொடங்கிய வழக்கின் எஞ்சிய பகுதி அது.

மாணவர்காள்! உங்களுட் பலர் நாளை கொழும்புக்கும், இந்தியாவுக்கும், அதற்கப்பாலும் செல்வீர்கள். செல்லுமிடத்தில் உங்களுக்கேற்ற உணவையும் உறைவிடத்தையும் உறவையும் தேடுவது இயல்பே. அவற்றோடு, அவ்விடத்தில் எளியோர் யார், அவருக்குள்ள குறை யாது என்பதையும் கேட்டறியுங்கள். அவ்வாறு கேட்டறிந்த தஞ்சை மனிதரொருவர் நம் மலைநாட்டின் மைந்தராயினார். அவர்தம் நினைவு நம் கல்லூரிச் சமூகத்தினுள்ளத்தில் நின்று நிலவுவதாக.