குதிரைகளுக்கு ஓய்வு தந்தவர்!

ஜெர்மனி தலைநகர் பெர்லினில், 150 ஆண்டுகளுக்கு முன், டிராம் வண்டிகளை இழுத்தவை எவை தெரியுமா? குதிரைகள்! மழையிலும், பனியிலும் ஆட்களைச் சுமந்து, தண்டவாளத்தில் நாள் முழுவதும் நடந்தன. அந்தக் குதிரைகளுக்கு ஓய்வு கிடைக்க வழி செய்தவர், வெர்னர் வான் சீமன்ஸ்.

ஹானோவர் நகருக்கு அருகே, லெந்தே என்ற ஊரில், டிச., 13, 1816ல் பிறந்தார். தந்தை, குத்தகை நிலத்தில் பயிர் செய்த விவசாயி. வீட்டில் குழந்தைகள் அதிகம். பல்கலைக் கழகம் சென்று படிக்கப் பணம் இல்லை. எனவே, பிரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே, பீரங்கிப் படைப் பள்ளியில், கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களை மூன்று ஆண்டுகள் கற்றார்.

திடீரென தாயும், தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். தம்பி, தங்கையரை வளர்க்கும் பொறுப்பு, இளைஞர் வெர்னர் தலையில் விழுந்தது. ராணுவச் சம்பளம் போதவில்லை. கூடுதலாகச் சம்பாதிக்க, அறிவியல் ஆராய்ச்சியில் இறங்கினார்.

இந்த நேரத்தில், இரு அதிகாரிகள் மோதிய சண்டையில், ஒருவருக்குத் துணையாக நின்றதால், சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சோர்ந்து விடவில்லை. ரசாயனப் பொருட்களை வரவழைத்து, சிறை அறையையே ஆய்வுக் கூடமாக மாற்றினார். மின்சாரத்தால் தங்க முலாம் பூசும் முறையை அங்கே கண்டறிந்தார். மன்னர் மன்னித்து விடுதலை செய்தார். தம்பி வில்லியம், இங்கிலாந்து சென்று, அந்த முறையின் உரிமையை விற்றுப் பணம் கொண்டு வந்தார்.

கருவிகள் செய்வதில் வல்லவரான ஹால்ஸ்கேயுடன் சேர்ந்து, 1847ல், பெர்லினில் தந்திக் கருவி நிறுவனம் துவங்கினார் வெர்னர். அவர் ஆளாக்கிய தம்பியர், லண்டனிலும், ரஷ்யாவிலும் தொழிலைக் கவனித்தனர். லண்டனையும், நம் நாட்டின் கோல்கட்டாவையும் இணைத்து, 1870ல் இயங்கத் துவங்கிய தந்தித் தடத்தின் முக்கிய பகுதியை அமைத்தது, இந்தச் சகோதரர்கள் தான்.

மின்சாரத்தை அதிக அளவில் உற்பத்தி செய்ய உதவும் டைனமோ தத்துவத்தை, 1866ல் கண்டறிந்தார் வெர்னர். அந்த மின்சாரத்தால் வண்டியும் ஓட வேண்டும் என விரும்பினார். பெர்லின் கண்காட்சியில், 1879ல், 300 மீட்டர் வட்டப் பாதையில், குட்டி மின்சார ரயிலை ஓட்டிக் காட்டினார். மக்கள் ஆர்வமாக ஏறி மகிழ்ந்தனர்.

மே 16, 1881ல், பெர்லின் அருகே லிச்டர்பெல்டேயில், உலகின் முதல் பொது மின்சார டிராம் சேவை துவங்கியது. பாதையின் நீளம், 2.5 கி.மீ., தான்!

ஒரு சிக்கல் எழுந்தது. தண்டவாளம் வழியாகவே மின்சாரம் பாய்ந்ததால், பாதையைக் கடந்த குதிரைகளுக்கும், ஆட்களுக்கும், 'ஷாக்' அடித்தது. குதிரைக்கு உதவ வந்த வண்டி, குதிரையையே மிரட்டியது. தீர்வு தேடி, மின்சாரத்தைத் தலைக்கு மேலே கொண்டு செல்லும் முறையை, அதே ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் செய்து காட்டியது அவரது நிறுவனம். டிராம் பாதைக்கு மேல் கம்பி செல்லும் வழக்கம், பின்னர் உலகெங்கும் பரவியது.

பெர்லின் வீதிகளில், துாண்கள் மேல் மின்சார ரயில் விடவும், 1880ல் திட்டம் தந்தார். எதிர்ப்பு கிளம்பியதால், அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கனவு நிறைவேறும் முன், டிச., 6, 1892ல் மறைந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1902ல், அவரது நிறுவனம் கட்டிய உயர்மட்டப் பாதையில் ரயில் ஓடியது. பெர்லினில் மின்சார டிராம்கள் இன்றும் ஓடுகின்றன.