வீடுகளையே கோயிலாக்கிய யோசப் வாஸ் அடிகளார்

சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் இரவு நேர ஜெபக் கூட்டம் நடப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. முன்கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிப் பாய் விரித்தால் பத்துப் பதினைந்து பேர் உட்காரலாம். தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த குடும்பங்கள் பலவும் அப்படித்தான் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. இது இந்தக் காலத்துப் பழக்கம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், 300 ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத் தமிழர்கள் வீடுகளில் கூடித்தான் தங்கள் விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் புனித யோசப் வாஸ் அடிகளார்.

1651 ஏப்ரல் 21ஆம் தேதி கோவாவில் பிறந்தவர் இவர். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருவானார். அந்நாளில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை மிகவும் மோசம். 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். இரண்டு இடங்களிலும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். இலங்கையில் கோயில்கள் பறிபோயின, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே பெரும் குற்றமானது.

இதைக் கேள்விப்பட்ட வாஸ் அடிகளார் அங்கே போக முடிவு செய்தார். தூத்துக்குடியில் தங்கித் தமிழ் கற்றார். குருவின் அங்கியைக் கழற்றிவிட்டுக் கூலியாள் போல் உடுத்தி, 1687இல் யோவான் என்ற பணியாளுடன் கடல் கடந்தார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பால் விழுந்தார். யாரென்றே தெரியாத அந்த ஏழைக்குக் கஞ்சி கொடுத்து உயிர் காத்தவர்கள் ஊர் மக்கள்தான்.

உடல் தேறியதும் வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். கழுத்தில் ஜெபமாலை அணிந்திருந்தார். அதைப் பார்த்து எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் அடையாளம் கண்டார். பிறகு சில்லாலை கிராமத்தில் தங்கி, இரவோடு இரவாக வீடுகளுக்குச் சென்று பூசை வைத்தார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். விடியும் முன் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

ஆனால், ஒரே குரு எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? அதற்கும் அவர் வழி செய்தார். ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குரு இல்லாத நாள்களில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக் கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. குரு வந்து போகிறவர். சபையோ அந்த வீட்டில் இருந்துகொண்டே இருந்தது.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1689 கிறிஸ்துமஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை டச்சுப் படையினர் பிடித்தார்கள். அடிகளார் அவர்கள் கையில் சிக்கவில்லை. அடியும் சிறையும் பட்டவர்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர்களே.

அதன் பிறகு அவர் கண்டி அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துகீசிய ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள். சிறையிலேயே சிங்களம் கற்றார். பிறகு அரசரின் நம்பிக்கையைப் பெற்றார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது பலரும் ஊரை விட்டு ஓடினார்கள். அவர் அங்கேயே இருந்து, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். மதம் பார்க்கவில்லை.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். 1711 ஜனவரி 16ஆம் தேதி கண்டியில் வாஸ் அடிகளார் காலமானார். அப்போது இலங்கையில் கத்தோலிக்கர் சுமார் 70,000 பேர் இருந்ததாகத் திருச்சபை வரலாறு சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மலாக்காவிலும், டச்சு ஆட்சியின் கெடுபிடி தளர்ந்த பின், புனித பேதுரு ஆலயம் எழுந்தது.

2015 ஜனவரி 14ஆம் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஜனவரி 16 அவருடைய திருநாள்.

அடிகளாரின் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்குக் கஞ்சி கொடுத்தவர்கள், பாய் விரித்தவர்கள், விளக்கைத் தணித்து வைத்து வாசலில் காவல் நின்றவர்கள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. இன்று நாம் அச்சமின்றி வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். அடுத்த முறை கூடும்போது, இடம் கொடுத்த அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வருவோம்.