கோப்பெங் மருந்துக் கடையும் யூ தோங் சென் வளர்த்த முதலும்

ஈப்போவிலிருந்து கம்பார் செல்லும் பழைய சாலையில், ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் தூரத்தில் கோப்பெங் என்னும் சிற்றூர் இருக்கிறது. நம் பேராக் வியாபாரிகளில் அவ்வூர் வழியாகச் சரக்கு ஏற்றிச் செல்லாதவர்கள் குறைவு. இப்பொழுது அது சந்தடி அடங்கிய ஊர். 1870களின் இறுதியில் அப்படியில்லை. 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நிர்வாகம் ஏற்பட்டு, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தைத் தேடிச் சீனத் தொழிலாளர்கள் திரள் திரளாக வரத் தொடங்கிய காலம் அது.

அந்த ஊரில் 1879ஆம் ஆண்டு யூ கோங் என்னும் சீனர் ஒருவர் ஒரு சிறு மருந்துக் கடையைத் திறந்தார். அன்னார் தென் சீனத்தின் குவாங்துங் மாகாணத்திலுள்ள ஃபோஷானிலிருந்து பினாங்கில் வந்திறங்கிப் பின் பேராக்குக்குப் பிழைக்க வந்தவர். கடைக்கு அவர் வைத்த பெயர் யான் சாங். மனிதர்களைப் பேணுதல் என்பது அதன் பொருள். அந்த ஒற்றைக் கடையைப் பல நாடுகளில் கிளைகளுள்ள ஸ்தாபனமாக ஆக்கியவர் அவருடைய மகன் யூ தோங் சென். 1877இல் பினாங்கில் பிறந்து 1941இல் ஹாங்காங்கில் காலமானவர்.

வேறு இனத்தவர், வேறு சமயத்தவர் ஒருவரின் வரலாற்றை நம் பக்கங்களில் ஏன் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கக்கூடும். சிறு கடைக்கு முதல் எங்கிருந்து வருகிறது, வந்த முதல் எப்படிக் கரையாமல் நிற்கிறது என்பதே நம் அங்கத்தினர்கள் கூடும் இடங்களிலெல்லாம் எழும் பேச்சு. அதற்கு நம் மாநிலத்திலேயே இவ்வளவு தெளிவான உதாரணம் இருக்கும்போது தூரதேசத்துக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் தந்தையின் கடையைப் பார்ப்போம். ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு நீரில் நின்று மண் அலசிய கூலிகளுக்குக் காய்ச்சலும், வயிற்றுப்போக்கும், மூட்டு வலியும் ஓயாத தொல்லைகள். வலி மறக்க அவர்கள் அபினியைப் புகைத்தார்கள். அபினி சம்பளத்தையும் உடலையும் ஒருங்கே தின்றது. அவர்களுக்குத் தம் நாட்டு மூலிகை மருந்துகளைக் கொடுப்பதே யூ கோங்கின் வியாபாரம். வாங்குவோர் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே கடை வைத்தார்; அவர்களுக்கு எது தேவையோ அதையே வைத்தார். தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்த நம் முன்னோர்கள் செய்ததும் இதுதான்.

ஆனால் மருந்து விற்று மட்டும் யூ கோங் பொருள் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்நாளில் அபினி, மது, சூதாட்டம், அடகுக் கடை ஆகியவற்றின் வரியை வசூலிக்கும் உரிமையைச் சர்க்கார் குத்தகைக்கு விட்டு வந்தது. அத்தகைய குத்தகைகளிலும் அவர் ஈடுபட்டார். அபினியால் மெலிந்தவனுக்கு ஒரு கையால் மருந்தும், அதே அபினியின் மீது மறு கையால் வரியும்! இந்த வழி நமக்கு ஆகாதது. அதற்காக அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் புகழ்ந்தால் வரலாறு ஆகாது.

யூ கோங் நெடுநாள் வாழவில்லை. 1890 வாக்கில், நாற்பது வயதை எட்டுமுன்பே இறந்துபோனார். மகன் தோங் சென்னுக்கு அப்போது பதின்மூன்று வயது. படிப்புக்காகச் சிறு வயதிலேயே சீனாவிலுள்ள பூர்வீக ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த பையன் அவர். கோப்பெங்கிலிருந்த விதவை மனைவியார் கடையை மூடவிடாமல் நடத்தி வந்தார். இப்படிப்பட்ட நிலைமையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கடைக்காரர் திடீரென்று கண்ணை மூடிவிடுகிறார். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது அவர் மனத்தோடு போய்விடுகிறது. ஆறு மாதத்தில் கதவு அடைபடுகிறது. கோப்பெங் கடை அப்படி அடைபடவில்லை. மகன் திரும்பி வந்து, ஆங்கிலமும் கற்று, 1898இல் 21 வயது நிரம்பிப் பொறுப்பேற்றபோது, ஏற்க ஒரு கடை இருந்தது. இந்த எட்டு வருஷ காலம் அவருடைய வரலாற்றில் இரண்டு வரியில் முடிந்துவிடும். எனினும் பின்னால் வந்த அத்தனையும் அதன் மேல் நிற்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

இளைஞர் தோங் சென் மருந்துக் கடையோடு நிற்கவில்லை. ஈயத்தில் இறங்கினார். அக்காலத்து ஈயத் தொழிலுக்குப் பாங்கிகள் சுலபத்தில் கடன் கொடுப்பதில்லை. முதல் போடும் தவுக்கே ஒருவர் சுரங்கம் வெட்டுபவருக்கு அரிசி, எண்ணெய், புகையிலை, கருவிகள் எல்லாவற்றையும் கடனாக அனுப்புவார். ஈயம் கிடைத்ததும் அதை அவருக்கே விற்க வேண்டும். சரக்கின் விலை சந்தை விலையைவிடக் கூடுதலாக இருக்கும். ஈயத்தின் விலை குறைவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகைதான் தவுக்கேயின் லாபம். ஈயம் கிடைக்காமல் போனால் போட்டது போனதுதான். தோட்டப் பாட்டாளிக்கு 555 கொப்பியில் பற்று எழுதிச் சம்பள நாளுக்குக் காத்திருந்த நம் கடைக்காரர்களுக்கு இந்த முறையின் சுகமும் துக்கமும் விளங்கும். கடன் கொடுப்பவனே சரக்கு விற்பவனாகவும் இருந்தால் வாங்குபவன் விலை கேட்க முடியாது. அவன் ஓடிப்போனாலோ விற்றவனுக்குக் கேட்க ஆளில்லை.

பத்து வருஷங்களுக்குள் கோப்பெங், கம்பார் வட்டாரங்களில் யூ தோங் சென்னின் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். மலாயாவின் பெரிய செல்வந்தர்களில் ஒருவராக அவர் எண்ணப்பட்டார். ஈயத்தில் வந்த பணத்தின் ஒரு பகுதியை ரப்பரில் போட்டார். 1910இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றதையும், அந்த விலையின் மயக்கத்தில் பேராக்கின் காடுகள் பால்மரத் தோட்டங்களானதையும், அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்ததையும் நாம் அறிவோம்.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. ஈயத்தில் செல்வம் குவித்தவர்கள் கிந்தாவில் வேறு பலரும் உண்டு. துரோனோ சுரங்கத்தால் ஈய மன்னர் என்று புகழ் பெற்ற ஃபூ சூ சூன் அவர்களில் ஒருவர். அவர் பெயர் இன்று சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. யூ குடும்பத்தின் பெயரோ இன்றும் கடைப் பலகையில் இருக்கிறது. சுரங்கம் தோண்டத் தோண்டத் தீரும் பொருள். கிந்தாவின் சுரங்கங்கள் 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஈயம் கொழித்த நாட்களிலும் யூ தோங் சென் மருந்துக் கடையைக் கைவிடவில்லை. பேராக்கின் ஊர்களில் கிளைகள் வைத்தார். 1909இல் ஹாங்காங்கிலும், 1910இல் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலும் கடைகள் திறந்தார். குடும்பப் பெயரும் சேர்ந்து அது யூ யான் சாங் ஆயிற்று.

இனி, நம் வியாபாரிகள் நன்றாக ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். சுரங்கக் கூலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபாலாபீசுக்குப் போகவும் கூச்சம். ஆனால் மருந்துக் கடைக்காரரை அவனுக்குத் தெரியும். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த சில வெள்ளிகளை அவரிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்வான். கடையில் அவன் பெயரும், ஊரும், தாயின் அல்லது மனைவியின் பெயரும் எழுதப்படும். காசு மூட்டையாகக் கப்பலேறாது. சீனாவிலுள்ள ஏஜெண்டு அங்கே பட்டுவாடா செய்வார். பெற்றுக்கொண்டதற்கான கடிதம் திரும்பி வரும். நம் பெரியவர்கள் கடையநல்லூருக்கும் இராமநாதபுரத்துக்கும் நாகூருக்கும் உண்டியல் அனுப்பிய அதே ஏற்பாடுதான்.

இங்கே பணம் வாங்கிய நாளுக்கும் அங்கே கணக்குத் தீர்க்கும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் உண்டு. ஒருவனுடைய சில வெள்ளிகள் ஒன்றுமில்லை. பல ஊர்க் கிளைகளில் ஆயிரம் ஆயிரம் பேருடைய வெள்ளிகள் சேர்ந்தால் அது வட்டியில்லாத பெரும் முதல். அதைக் கொண்டு சரக்குக் கொள்முதல் செய்யலாம். மேலும் 1906இல் நம் பக்கத்து வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டது. சீனாவோ 1935 வரை வெள்ளி நாணயத்திலேயே இருந்தது. ஆகவே மாற்று விலை நாளுக்கு நாள் அசையும். அதை அறிந்தவருக்கு அதிலும் லாபம் உண்டு, அறியாதவருக்கு நஷ்டம். ஹாங்காங்கில் சொந்தக் கடை இருந்தது இதற்குப் பெரிதும் கைகொடுத்திருக்கும்.

நம் மார்க்க முறைப்படி இதில் ஒரு நுட்பம் உண்டு. பிறர் நம்மிடம் ஒப்படைத்தது அமானிதம். உரியவரின் அனுமதியின்றி அதை எடுத்து வியாபாரத்தில் போட நமக்கு உரிமையில்லை. அனுமதியோடு எடுத்தால் அது கடனாகிவிடும். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் முழுத் தொகையையும் திருப்பியாக வேண்டும். இந்த வகைப் பணத்தைக் கையாளுவோர் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்வது நலம். ஆனால் முன்பின் தெரியாத கூலி தன் வியர்வைக் காசை ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான் என்றால், அந்த நம்பிக்கை எப்படி வந்தது? ஊரிலிருந்து தவறாமல் வந்த பதில் கடிதத்தினால் வந்தது. ஒரு கடிதம் வராமற்போனால் அந்தச் சுரங்கம் முழுவதும் பேச்சு பரவியிருக்கும். மருந்துக்கும் அதே கதிதான். விளம்பரம் என்று நாம் இன்று பணம் கொடுத்துச் செய்கிற காரியத்தை அந்தக் கூலிகள் வாய்ச்சொல்லால் செய்துவிட்டார்கள்.

இந்த நம்பிக்கையை ஒரு பாங்கியாகவே ஆக்கினார் யூ தோங் சென். சிங்கப்பூரில் சீனர் நடத்திய முதல் பாங்கி 1903இல் தோன்றிய குவோங் யிக் பாங்கி. அது 1913இல் முறிந்தது. போட்டவர்களின் மனமும் முறிந்தது. அதன் பின் 1920இல் யூ தோங் சென்னும் அவர் போன்ற காந்தோனிய வர்த்தகர்களும் சேர்ந்து லீ வா பாங்கியை ஏற்படுத்தினார்கள். 1920களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தது; 1929க்குப் பின் உலகமே மந்தத்தில் விழுந்தது. இரண்டையும் அந்தப் பாங்கி தாண்டி நின்று, 1970களில் யுனைடெட் ஓவர்சீஸ் பாங்கியோடு இணைந்தது. தனியொருவர் தம் கைமுதலால் செய்ய முடியாததை ஒரே வட்டாரத்தார் பங்கு போட்டுச் செய்தார்கள். நம்மவர்களிடையே பங்குக் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பங்கு என்றால் இரண்டு மைத்துனர்கள், ஒரு சகலை என்று நின்றுவிடுகிறது. எழுத்தில் ஒப்பந்தமும் இருப்பதில்லை. வருஷ முடிவில் கணக்குப் பார்க்கும் நாள்தான் உறவு முறியும் நாளாகவும் ஆகிறது.

பெயரைப் பரப்புவதிலும் அவர் பின்வாங்கியவரல்லர். 1911 முதல் சில ஆண்டுகள் மலாய் கூட்டுமாநிலங்களின் ஃபெடரல் கவுன்சிலில் அங்கத்தினராயிருந்தார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஒரு டாங்கி வாங்கப் பணம் கொடுத்தார். அந்த டாங்கியின் முகப்பில், சீனப் படகுகளுக்குத் தீட்டுவது போல இரண்டு கண்கள் தீட்டினார்கள். அதைப் படம் பிடித்தும் வைத்தார்கள். சிங்கப்பூரில் 1920களில் நாடகக் கொட்டகை கட்டினார். அங்கே ஒரு சாலைக்கே அவர் பெயர். ஹாங்காங்கில் கோட்டை போன்ற மாளிகைகள் எழுப்பினார். மாளிகைகளைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல விருப்பமில்லை. அவை இப்போது இல்லை.

1941 மே மாதம் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அவருக்குப் பதின்மூன்று ஆண் மக்கள். சொத்தும் ஸ்தாபனமும் கிளை கிளையாகப் பிரிந்தன. சிங்கப்பூர், மலேசியக் கடைகள் ஒரு பக்கம், ஹாங்காங் கடைகள் ஒரு பக்கம் என்றாயின. ஒரு கட்டத்தில் கடைகள் குடும்பத்தின் கையைவிட்டே நழுவின. கோப்பெங்கில் ஒரு விதவை எட்டு வருஷம் காத்த கடையைப் பதின்மூன்று ஆண் மக்களின் சந்ததியால் சேர்ந்து காக்க முடியவில்லை. நமக்கு வாரிசுப் பங்கு மார்க்கத்தில் வகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் தர்க்கத்துக்கு இடமில்லை. பங்கு பிரிந்த பின் கடையை யார் நடத்துவது, நடத்துபவருக்குச் சம்பளமா லாபப் பங்கா, விலக விரும்புகிறவரின் பங்கை யார் என்ன விலைக்கு வாங்குவது என்பவை நாம் உயிரோடிருக்கும்போதே எழுத வேண்டியவை. தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறி, பழைய பற்றுக்காரர்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட பின், நம் கடைகளில் பல இந்தக் கேள்வியின் முன்தான் நிற்கின்றன. பிள்ளைகளுக்குக் கடையில் விருப்பமில்லை என்கிறோம். கடையில் எவ்வளவு முதல் இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு நாளாவது காட்டியிருக்கிறோமா?

யூ குடும்பத்தில் பேரன் ரிச்சர்ட் யூ தம் உறவினர்களோடு சேர்ந்து 1990களில் மருந்து வியாபாரத்தை மீட்டார். பிரிந்து கிடந்த கிளைகளை ஒன்றாக்கி, 2000இல் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். 2024இல் ஜப்பானின் ரோட்டோ மருந்துக் கம்பெனியும் மித்சுயியும் ஸ்தாபனத்தை வாங்கின. கடைப் பலகையில் கோப்பெங்கில் வைத்த பெயர் அப்படியே இருக்கிறது.