அரண்மனையிலிருந்து குடிசைக்கு

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (வேதியியல்)

ஓவியம் என்றவுடன் நம் நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ராஜா ரவிவர்மா. நம் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த காலத்தில், அதே நாட்டின் கிளிமானூர் அரண்மனையில் 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தவர் அவர்.

சிறுவனின் கைத்திறனைக் கண்டுகொண்ட தாய்மாமன் ராஜராஜ வர்மா, பதினான்காம் வயதில் அவரைத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னர் முன் நிறுத்தினார். அங்கே வண்ணத்திற்குப் பஞ்சமில்லை; கற்றுத்தருவோருக்குத்தான் பஞ்சம். எண்ணெய் வண்ண நுட்பம் அறிந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே இசைந்தார். பார்த்தே கற்றார் ரவிவர்மா! அரச குடும்பத்துப் பிள்ளைக்கே வித்தை மறைக்கப்பட்டதென்றால், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

1873-இல் வியன்னாவிலும் 1893-இல் சிகாகோவிலும் அவர் ஓவியங்கள் பரிசு பெற்றன.

அதே காலத்தில் பாரிசில் ஒரு புதுமை பிறந்தது. 1874-இல் முதல் கண்காட்சி நடத்திய மோனே, ஸிஸ்லி முதலியோர் தூரிகையோடு ஆற்றங்கரைக்குச் சென்றனர். 1880-களில் ஸிஸ்லி படகு கட்டும் துறைகளையும் ஓவியமாக்கினார். ரவிவர்மாவோ சகுந்தலையையும் தமயந்தியையும் தீட்டினார். நம் கடற்கரையில் வள்ளம் கட்டும் உழைப்பாளியை அவர் படங்களில் நான் கண்டதில்லை.

ஆனால், உழைப்பாளியைப் படத்திற்குள் கொண்டுவராத அவர், படத்தை உழைப்பாளியின் வீட்டிற்குள் கொண்டுவந்தார்! 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டா என்ற எளிய வேதியியல் உண்மைதான் கல் அச்சின் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லில் பசை மையால் வரைந்து நீர் தடவினால், அச்சு மை கோட்டில் மட்டுமே பற்றும். வண்ணத்திற்கு ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர். பிளேக் நோயும் கடனும் நெருக்க, அச்சகம் பின்னர் ஒரு ஜெர்மானியர் கைக்கு மாறியது. படங்களோ ஊர்தோறும் பரவின.

காலண்டர் ஓவியர் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே என் முன்னோருக்கு உரிமை இருந்ததில்லை. அதற்காக 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான். என் பாட்டியின் தாயார் கோயிலுக்குள் கால்வைக்கும் முன்பே, மண்சுவரில் தொங்கிய அச்சுப் படத்தில் லட்சுமியைக் கண்டாராம். அந்தத் தாமரைக்குத் தீட்டு இல்லை.

1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் மறைந்தார் ரவிவர்மா. தமக்கு மறைக்கப்பட்ட கலையின் பயனை ஆயிரமாயிரம் வீடுகளுக்கு அனுப்பிவிட்டே சென்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கற்றதை மறைக்காமல் அடுத்தவருக்குச் சொல்வோம், நண்பர்களே!